காகிதத் துண்டோடு போங்கள்

கேள்வி: லெஸ்டரில் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பின்பக்கம் 5 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளத்துக்குப் புல்தரை. இதுவரை கத்தி தட்டையாகச் சுழலும் சின்ன எலக்ட்ரிக் மோவரால்தான் வெட்டுகிறோம். கிரிக்கெட் மைதானத்தில் தெரிவதுபோலப் பட்டை பட்டையாக வரவேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. புதிய சிலிண்டர் மோவரின் விலையைக் கேட்டு மலைத்துவிட்டோம். பழையதாக இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 20 அங்குல அட்கோ. பெயின்ட் புதிதாக மின்னுகிறது, எஞ்சின் ஒரே இழுப்பில் ஓடுகிறது. மற்றது 14 அங்குல சஃபோக் பஞ்ச். பெயின்ட் வெளுத்து, பார்க்கச் சுமாராக இருக்கிறது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுக்கலாம்? வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான்.
- ஒரு வாசகி, லெஸ்டர்

பதில்: உங்கள் இடத்துக்கு 20 அங்குலம் வேண்டாம், சகோதரி. அது எவ்வளவு நல்ல இயந்திரமாக இருந்தாலும் வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 அங்குலம் என்பது 35 சென்டிமீட்டர். ஒரு நடையின் ஓரத்தில் அடுத்த நடை கொஞ்சம் ஏறி வெட்டவேண்டும் என்பதால் 30 என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் அகலம் 17 நடையில் முடிந்துவிடும். நடக்கும் தூரம் மொத்தம் 170 மீட்டர். திரும்புவது, பெட்டியில் சேர்ந்த புல்லைக் கொட்டுவது எல்லாம் சேர்த்தாலும் கால் மணி நேர வேலை. 20 அங்குலத்தில் 11 நடை. மிச்சமாவது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காகக் கனத்த இரும்பை 10 மீட்டருக்கு ஒருமுறை வேலியோரத்தில் மல்லுக்கட்டித் திருப்புவீர்கள். திருப்பும் இடங்களில் ரோலர் புல்லைத் திருகிப் பிய்த்துவிடும்.

சஃபோக் பஞ்சையாவது எடுக்கலாமா என்றால், அதற்கு முன்னால் உங்கள் கணவரிடம் பேசவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் ஆசைப்படும் பட்டை கத்தியால் வருவதில்லை. பின்னால் உருளும் ரோலரால் வருகிறது. போகும்போது புல் ஒரு பக்கம் சாய்கிறது, திரும்பும்போது மறுபக்கம். வெளிச்சம் படும் விதம் மாறுவதால் ஒன்று வெளிறியும் ஒன்று கறுத்தும் தெரிகிறது. பின் ரோலர் வைத்த சாதாரணச் சுழல்கத்தி மோவரே பட்டை போடும். ஆசை அது மட்டும்தான் என்றால் சிலிண்டர் மோவர் தேவையே இல்லை.

சிலிண்டர் மோவரின் அருமை வெட்டில் இருக்கிறது. 1830-இல் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில், ஸ்ட்ரவுடுக்குப் பக்கத்தில், எட்வின் படிங் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வட்டாரம் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர்போனது. நெய்த துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிரை ஒரே மட்டமாகக் கத்தரித்து எடுக்கும் உருளைக் கத்தியை ஆலையில் பார்த்துத்தான் புல்லுக்கும் அதையே செய்தார். இன்றும் தத்துவம் மாறவில்லை. அசையாமல் கிடக்கும் அடிக்கத்தி ஓர் அலகு, சுற்றிவரும் உருளைக் கத்தி இன்னோர் அலகு. இரண்டுக்கும் நடுவில் புல் கத்தரிபடுகிறது. சுழல்கத்தி மோவர் வேகத்தால் அடித்து அறுப்பது. வெட்டிய நுனி நார்நாராகப் பிசிறி, இரண்டு நாளில் பழுப்பாகும். கூரான உருளை வெட்டிய நுனி மயிர் வெட்டியதுபோல நறுக்கென்று இருக்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் பழைய முறைக்குத் திரும்ப மாட்டார்கள். நானும் அப்படித்தான் இந்த மோவர் தொழிலுக்கு வந்தேன்.

ஆனால் அந்த வெட்டுக்குப் பணிவிடை அதிகம். வளர்ந்த புல்லை இது வெட்டாது. முன் ரோலர் புல்லைப் படுக்கவைத்துவிட்டு மேலே போய்விடும். ரைகிராஸ் என்ற புல் உங்கள் ஊர் வீடுகளில் சாதாரணம். அதன் கதிர்த் தண்டு மோவர் வரும்போது வளைந்து கொடுத்து, போனதும் நிமிர்ந்து நிற்கும். மே, ஜூன் மாதங்களில் வாரம் இரண்டு முறை வெட்ட உங்களால் முடியுமா? தரை மேடுபள்ளமாக இருந்தால் மேட்டை மொட்டையடித்துவிடும். ஒரு சின்னக் கல் போதும், கத்தி பல் விழுந்துவிடும். இதற்கெல்லாம் சரி என்று மனம் வந்தால் மேலே படியுங்கள். வராவிட்டால் பின் ரோலர் வைத்த சுழல்கத்தி மோவர் ஒன்றைத் தேடுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

பழைய சிலிண்டர் மோவர் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். எஞ்சினை மாற்றலாம், கார்புரேட்டரைக் கழுவலாம், பிளக் மாற்றச் சில பவுண்டுதான். உருளையும் அடிக்கத்தியும் அவற்றைத் தாங்கும் சட்டமும் கெட்டிருந்தால் மிச்சமிருப்பது ஓடுகிற எஞ்சின் வைத்த இரும்பு வண்டி. இதை நான் கைக்காசு போட்டுக் கற்றேன். தொடங்கிய காலத்தில், பெயின்டைப் பார்த்து மயங்கி, ஒருவரிடமிருந்து 17 அங்குல இயந்திரம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அளந்தால் உருளை ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும், கேரட் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் வெட்டும்படி திருகினால் மறுபக்கம் வெட்டாது. சாணை பிடித்துச் சரியாக்கவும் உலோகம் மிச்சமில்லை.

ஆகவே பையில் ஒரு பழைய செய்தித்தாள், ஒரு நூல், கனத்த தோல் கையுறை எடுத்துக்கொண்டு போங்கள். போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்னே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆறியபின் மறுபடி வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி எழும்புகிறது என்பதுதான் செய்தி.

அடுத்து, பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இதைச் செய்யாமல் கத்திக்குப் பக்கத்தில் கை போகவே கூடாது. உருளையின் இரண்டு முனைகளிலும் நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். கத்திகளைத் தாங்கும் நடுத் தகடுகளுக்கு மேலே கத்தி எவ்வளவு உயரம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சாணைக்கும் அது குறையும். தகட்டை ஒட்டித் தேய்ந்திருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. பிறகு உருளையைப் பிடித்து மேலும் கீழும் தூக்குங்கள். டக் டக்கென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. பேரிங் மாற்றக்கூடியதுதான், அதற்கு விலையில் குறைக்கச் சொல்லலாம்.

இனி காகிதம். ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, உருளைக்கும் அடிக்கத்திக்கும் நடுவில் நேராக நீட்டி, கையுறை போட்ட கையால் உருளையை மெல்லச் சுற்றுங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று ஒவ்வொரு கத்திக்கும் செய்யவேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் இந்தப் பத்து நிமிடம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். காகிதம் சுத்தமாக அறுந்தால் நல்லது. மடிந்து உள்ளே போனால் மழுங்கல் அல்லது இடைவெளி. இதிலும் ஒரு தந்திரம் நடக்கும்: விற்பதற்காக அடிக்கத்தியை உருளையோடு இறுக்கி வைத்துவிடுவார்கள். அப்போது மழுங்கிய கத்தியும் காகிதத்தை அறுக்கும். கையால் சுற்றும்போது கரகரவென்று இரும்பு உரசினால், சுற்றவே கனத்தால், இதுதான் காரணம். நல்ல இயந்திரம் மெல்லிய கிசுகிசுப்போடு லேசாகச் சுற்றும்.

சாணை தேவைப்பட்டால் பயப்படவேண்டாம். லேசான மழுங்கலுக்கு அரைப்பசை தடவி உருளையைப் பின்னோக்கிச் சுற்றினாலே கூர் வரும். பெரிய வேலைக்குப் பட்டறையில் உருளையைச் சாணை பிடித்து, புது அடிக்கத்தி போடவேண்டும். அந்தச் செலவு பல சமயம் இயந்திரத்தின் விலையையே எட்டிவிடும். வாங்குவதற்கு முன்னால் பட்டறையில் விலை கேட்டுவிடுங்கள். வசந்தம் வந்தால் அங்கே கூட்டம். அக்டோபர், நவம்பரில் கேட்டால் நின்று பேசுவார்கள்.

மற்றவை சுருக்கமாக. பின் ரோலர் இரண்டு பாதியாக இருக்கும். இயந்திரத்தைத் திருப்பும்போது இரண்டும் தனித்தனி வேகத்தில் உருளவேண்டும். புல் பெட்டி கூட வருகிறதா என்று கேளுங்கள், தனியாகத் தேடினால் அலைச்சல். கத்திகளின் எண்ணிக்கையில் மயங்கவேண்டாம். 10 கத்தி பந்துருட்டும் மைதானத்துக்கானது, வீட்டுக்கு 5 அல்லது 6 போதும். எஞ்சின் ஓடும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. 2021 முதல் உங்கள் ஊர் பங்க்குகளில் சாதாரணப் பெட்ரோல், எத்தனால் அதிகம் கலந்த ஈ10 ஆகிவிட்டது. பழைய எஞ்சினின் ரப்பர் பாகங்களுக்கு அது ஆகாது. எத்தனால் குறைந்த ஈ5 வாங்கி ஊற்றுங்கள், குளிர்காலத்துக்கு டேங்கைக் காலியாக்குங்கள்.

பையன் இருப்பதால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கைப்பிடியில் ஒரு நெம்புகோல் இருந்து, கையை எடுத்ததும் கத்தி நின்றுவிடவேண்டும். மிகப் பழைய இயந்திரங்களில் இது இருக்காது. சஃபோக் பஞ்சில் அது இல்லையென்றால், காகிதம் எவ்வளவு நன்றாக அறுந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்த நெம்புகோல் இருந்து, உருளையும் சரியாக இருந்தால், வெளுத்த பெயின்டோடு எடுத்து வாருங்கள். இதுவரை உயரமாக வெட்டிப் பழகிய புல்லை ஒரே நாளில் கீழே இறக்கக் கூடாது. உயரத்தை உச்சத்தில் வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் புல்லின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், சில வாரங்களில் 25 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். முதல் வெட்டுக்கு முந்தின நாள் மாலை பையன் கையில் ஒரு வாளியைக் கொடுத்து, புல்தரை முழுக்கக் கல் பொறுக்கச் சொல்லுங்கள். மறுநாள் மோவர் வெளியே வரும்போது அவன் வீட்டுக்குள்ளே, கதவு சாத்தியிருக்க வேண்டும்.