தாபரிப்புப் பணம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது?

"அவருக்குச் சம்பளமில்லை, கமம்தான். இப்ப காணியுமில்லை. வழக்குப் போட்டு என்ன கிடைக்கப்போகுது?" கணவனைப் பிரிந்து வாழும் சகோதரிகள் பலர் இப்படித்தான் கேட்கின்றார்கள்.

விவாகரத்துக் கோராமலே நீதவான் நீதிமன்றில் தாபரிப்புக் கேட்கலாம். 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் இதற்குரியது. இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊருக்கு அலையத் தேவையில்லை; இப்போது வசிக்குமிடத்து நீதிமன்றிலேயே மனுச் செய்யலாம். தன்னைப் பராமரிக்க இயலாத கணவனும் இச்சட்டத்தின்கீழ் கேட்கலாம். (எத்தனை ஆண்கள் கேட்பார்கள் என்பது வேறு விடயம்.)

தொகைக்கு நிரந்தர விகிதம் கிடையாது. கொடுப்பவரின் வருமானம், கேட்பவரின் வசதி, நிலைமை ஆகியவற்றை நீதவான் பார்ப்பார். கமக்காரனிடம் சம்பளச் சீட்டு இராது. எனவே வெங்காயம் விற்ற பற்றுச்சீட்டு, உழவு இயந்திரம் கூலிக்கு ஓடும் விபரம், அவர் வேலைக்குப் போகுமிடம் என்பவற்றைத் திரட்டுங்கள். இவற்றை நேரில் அறிந்த அயலவர் ஒருவரின் சாட்சியமும் உதவும். விட்டுவந்த வயலின் பழைய விளைச்சலைச் சொல்லிப் பெருந்தொகை கேட்பதில் பயனில்லை. அரிசி, பால்மா, மருந்து, வீட்டு வாடகை என உங்கள் மாதச் செலவை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கான தாபரிப்பைத் தனியாகக் கேட்கவேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் "இருவரும் விரும்பியே பிரிகிறோம்" என்று எழுதிய கடதாசியில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்து வாழும் மனைவிக்கு இச்சட்டத்தின்கீழ் தாபரிப்புக் கட்டளை கிடைக்காது. சமாதானத்துக்காகப் போட்ட கையெழுத்தே பின்னர் எதிர்ச்சாட்சியாகிவிடும். பிள்ளைகளின் உரிமை மட்டும் இதனால் போகாது.

விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றுக்குரியது. முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம். மாவட்ட நீதிமன்றில் வழக்கு முடியும்வரை இடைக்காலத் தாபரிப்பும், தீர்ப்புடன் நிரந்தரத் தாபரிப்பும் கேட்கலாம். மாதாமாதம் பணம், ஒரே முறையில் ஒரு தொகை, அல்லது சொத்தை எழுதிக்கொடுத்தல் என எவ்வகையிலும் கட்டளை அமையலாம். விவாகரத்துத் தீர்ப்பின் பின் நீங்கள் மனைவியல்ல. ஆகவே அந்த வழக்கிலேயே கேட்டுவிடுங்கள்.

நீதவானின் கட்டளைப்படி பணம் கட்டாதவருக்கு, நிலுவையிலுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியல் விதிக்கப்படலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதோர், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். போகும்போது விவாகப் பதிவுப் பிரதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் கொண்டு செல்லுங்கள். இடம்பெயர்வில் அவை தொலைந்திருந்தால், பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தில் முதலில் விண்ணப்பியுங்கள்.