காவலரின் கைப்பொருள்கள்

“சாப்பிடாவிட்டால் போலீஸ்காரரைக் கூப்பிடுவேன்” என்று சொல்லிச் சோறூட்டப்பட்டவர்கள் நம்மில் பலர். வளர்ந்த பின்பும் அந்த அச்சம் நம்மை விட்டுப் போவதில்லை. எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி பேருந்தில் தம் சங்கிலியைப் பறிகொடுத்தார். “நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஸ்டேஷன் வாசலை மிதிக்கலாமா?” என்று மூன்று நாள் வீட்டிலேயே அழுதார். நான்காம் நாள் புகார் கொடுக்கப் போனபோது, பக்கத்தில் நின்றவள் யார், எங்கே இறங்கினாள் என்று சொல்ல ஒருவருக்கும் நினைவில்லை. அச்சத்துக்கு அறியாமையே காரணம். ஆகவே காவலர் அன்றாடம் எடுத்தாளும் பொருள்கள் எவை, அவற்றால் நமக்கு என்ன பயன் என்பதைக் காண்போம்.

உடலில் அணிவன

காக்கிச் சீருடை, தொப்பி, இடுப்பு வார் ஆகியவற்றை நாம் அறிவோம். தோளைக் கூர்ந்து பார்த்தால் பதவியும் தெரியும். சிவப்பு நீல நாடாவுடன் இரண்டு நட்சத்திரம் இருந்தால் உதவி ஆய்வாளர். மூன்று இருந்தால் ஆய்வாளர். இவற்றைவிட நமக்குப் பயன்படுவது மார்பில் உள்ள பெயர்ப்பட்டை. ஒருவரைக் கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் கட்டளையிட்டது.

கையில் கொள்வன

விசில் சிறியது, ஆனால் போக்குவரத்து நெரிசலில் அதன் ஒலிக்கே வண்டிகள் நிற்கின்றன. லத்தி, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதற்கும் தற்காப்புக்கும் உரியது. வாக்கி டாக்கியில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க மட்டுமே முடியும். ஆகவே பேசி முடித்தவர் “ஓவர்” என்று சொல்லிப் பொத்தானை விடுகிறார். புயலில் கைப்பேசிக் கோபுரங்கள் செயலற்றுப் போனாலும் இக்கருவி உதவும்.

கைவிலங்கைக் கைதி எவருக்கும் வழக்கமாகப் பூட்டிவிடக் கூடாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், எவ்வகைக் கடுங்குற்றங்களில் அதைப் பூட்டலாம் என்று வரையறுத்துள்ளது.

துப்புத் துலக்குவன

நம் விரல் நுனியில் வியர்வை எப்போதும் உண்டு. ஒரு பொருளைத் தொட்டால் விரல்ரேகை அதில் படிந்துவிடும். நிபுணர் அதன்மேல் மெல்லிய பொடியைத் தூரிகையால் தூவி, தெரியும் ரேகையை ஒட்டும் நாடாவில் எடுக்கிறார். இரட்டைப் பிள்ளைகளுக்கும் ரேகை ஒன்றாய் இராது. உலகின் முதல் விரல்ரேகை நிலையம் 1897இல் நம் நாட்டுக் கல்கத்தாவில்தான் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை வகுத்ததில் அஜிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவருக்குப் பெரும் பங்கு உண்டு. களவு நடந்த அறையில் எதையும் தொடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மேசைமேல் இருப்பவை

இத்தனைக்கும் மேலான கருவிகள் பேனாவும் காகிதமுமே. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நாம் வாயால் சொன்னாலும் அதை எழுதி, நமக்குப் படித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். “அது எங்கள் எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண்களுக்கு எதிரான குறிப்பிட்ட குற்றங்களில், பாதிக்கப்பட்டவர் சொல்வதைப் பெண் அதிகாரியே எழுதிக்கொள்ள வேண்டும். 1973இல் தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தனர். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. ஆகவே நம் பாட்டிமார் தயங்க இனிக் காரணமில்லை.

லத்தி ஒரு நொடியில் ஓங்கும், ஓயும். எழுத்தோ நிலைத்து நிற்கும். அது குற்றவாளியையும் கட்டும், காவலரையும் கட்டும். உத்திரமேரூர்க்காரர்களாகிய நமக்கு இது புதிய பாடமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், நம் ஊர்ச் சபை குடவோலைத் தேர்தலின் விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக்கூடாது. அவருடைய உறவினரும் வரக்கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. அச்சபையில் பெண்களுக்கு இடமில்லை என்பது உண்மையே. ஆயினும் அதிகாரம் உள்ளவர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நெறியைக் கல்லில் எழுதிய ஊர் நம்முடையது.

தோழியரே, அவசரத்துக்கு 112 அல்லது 100, குழந்தைகளுக்கு 1098 என்னும் எண்களை மனப்பாடம் செய்வோம். பெற்றோருக்கும் சொல்லிக் கொடுப்போம். துன்பம் நேர்ந்தால் நான்காம் நாள் வரை காத்திராமல் அன்றே சென்று, நடந்ததை நடந்தபடி சொல்லி, நகலைக் கேட்டு வாங்குவோம். காவலர் பேனாவை எடுக்க வேண்டுமானால், முதலில் நாம் வாய் திறக்க வேண்டும்.