முரண்டு பிடிக்கும் குதிரையில் சவாரி பழகுதல்

சவாரிப் பள்ளிக் குதிரை ஒரே நாளில் பல புதியவர்களைச் சுமக்கிறது. ஒருவர் குதிகாலால் ஓயாமல் உதைப்பார். இன்னொருவர் விழாமலிருக்கக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்குவார். வேறொருவர் காலால் ‘போ’ என்றும் கையால் ‘நில்’ என்றும் ஒரே நேரத்தில் சொல்வார். சொன்னபடி செய்தாலும் தொல்லை ஓய்வதில்லை என்று கண்டுகொண்ட குதிரை, நாளடைவில் சைகைகளைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. நகர மறுப்பது, வாசலை நோக்கி இழுப்பது, தலையைக் கீழே பிடுங்குவது எல்லாம் பெரும்பாலும் இப்படி வளர்ந்த பழக்கங்களே. 400 முதல் 500 கிலோ எடையுள்ள விலங்கோடு மல்லுக்கட்டி வெல்ல எவராலும் முடியாது. ஆனால் தெளிவாகக் கேட்பதும், கேட்டது கிடைத்த கணமே அழுத்தத்தை விடுவதும் புதியவராலும் முடியும்.

1. குதிரையின் பழைய தொழிலை விசாரித்தல்

இலங்கையில், கொழும்புக் கறுவாத்தோட்டத்தில் 1893இல் திறக்கப்பட்ட பந்தயத் திடலில் 1956உடன் ஓட்டம் நின்றுபோனது. நுவரெலியாவில் 1875இல் தொடங்கிய திடலில் இன்றும் பந்தயம் நடக்கிறது. பந்தயம் விட்ட குதிரைகள் சவாரிப் பள்ளிகளுக்கு வருவது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். ஆகவே பள்ளியில் சேரும்போதே, தரப்படும் குதிரை பந்தயத்தில் ஓடியதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பந்தயக் குதிரைக்கு வாரின் இறுக்கம் நிற்கச் சொல்லும் சைகையல்ல. அதில் சாய்ந்துகொண்டு ஓடவே அது பழகியிருக்கும். குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே சவாரி செய்பவரை முதுகில் தூக்கி ஏற்றுவதும் பந்தய லாயங்களில் உண்டு. ஏறும்போது நிற்காத குதிரையும், இழுக்க இழுக்க வேகமெடுக்கும் குதிரையும் பழைய பாடத்தையே ஒப்புவிக்கின்றன.

2. வலியையும் வெக்கையையும் விலக்குதல்

குணக்கேடு போலத் தோன்றுவது சில வேளை வலியாக இருக்கும். பொருந்தாத சேணம், முதுகுப்புண், கூரேறிய கடைவாய்ப் பல், தளர்ந்த லாடம் ஆகியவை குதிரையைக் கடிக்கவும் துள்ளவும் வைக்கும். வயிற்றுப்பட்டியை இறுக்கும்போது காதைப் பின்னே மடித்துக் கடிக்கத் திரும்பினாலோ, நடையில் ஒரு காலைத் தாங்கினாலோ, ஏறுவதற்கு முன்பே பயிற்றுவிப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

கொழும்பில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும்; காற்றில் ஈரமும் அதிகம். குதிரை முக்கியமாக வியர்வையால்தான் உடலைக் குளிர்விக்கிறது. ஈரப்பதமான வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே குறைந்துவிடும். வேலை செய்தும் தோல் உலர்ந்திருந்து, மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால் அது சோம்பலல்ல. உடனே இறங்கி, நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, மிருக வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதிகாலை வகுப்பே நல்லது. கொழும்பின் வெள்ளவத்தையிலிருந்து போகிறவருக்குக் காலி வீதியின் மாலை நெரிசலில் பதறிக்கொண்டு போய் ஏறும் நிலையும் வராது.

3. நிலத்தில் தொடங்குதல்

தலைக்கவசம், நீளக் காற்சட்டை, சிறு குதி வைத்த சப்பாத்து மூன்றும் கட்டாயம். குதி இல்லாத சப்பாத்து அங்கவடிக்குள் வழுக்கிச் செல்லும். விழுந்தால் கால் சிக்கி இழுபட நேரிடும்.

குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் பார்வை உண்டு. மூக்குக்கு நேர் முன்னும், வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. எனவே தோள்பக்கமாக, குரல் கொடுத்தபடி அணுக வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஏறுவதற்கு முன் சில நிமிடங்கள் குதிரையை நடத்தி, நிறுத்தி, ஓரடி பின்வாங்கவைத்துப் பார்க்கலாம். கீழே நிற்பவரை இடித்துத் தள்ளும் குதிரை, முதுகில் இருப்பவரின் சொல்லையும் எளிதில் கேட்காது. காது முன்னோக்கினால் கவனம்; பின்னே அழுந்த மடங்கினால் எச்சரிக்கை.

4. ஏறுதல்

சேணம் பூட்டும்போது மூச்சை அடக்கி வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. சிறிது நடத்தியபின் பட்டியை மறுபடி இறுக்க வேண்டும். படிமேடையிலிருந்து ஏறினால் குதிரையின் முதுகுக்கும் சேணத்துக்கும் நல்லது. நிற்காமல் நகரும் குதிரையை முதல் சில வகுப்புகளில் உதவியாளர் பிடித்திருக்க வேண்டும். ஏறியதும் புறப்படாமல் சில மூச்சு நேரம் அங்கேயே நிற்கவைப்பதை ஒவ்வொரு முறையும் செய்தால், ஏறுவது ஓட்டத்தின் தொடக்கம் என்ற எண்ணம் குதிரைக்கு மெல்ல மறையும்.

5. வார் இல்லாமல் சமநிலை பெறுதல்

புதியவர் வாரைப் பிடித்துச் சமநிலை தேடினால், ஒவ்வொரு தடுமாற்றமும் குதிரையின் வாயில் அடியாக விழும். ஆகவே பயிற்றுவிப்பாளர் நீள்கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடும் வகுப்புகளையே முதலில் கேட்டுப் பெற வேண்டும். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். தடுமாறினால் சேணத்தின் முன்பகுதியையோ கழுத்துப் பட்டியையோ பிடிக்கலாம். நடை நான்கு தட்டு, ட்ராட் எனும் துள்ளோட்டம் இரண்டு தட்டு, கன்டர் எனும் மென்பாய்ச்சல் மூன்று தட்டு என்று குளம்பொலியை எண்ணிப் பழகினால் உடல் தாளத்தோடு இணங்கும். ட்ராட்டில் ஒரு தட்டுக்கு எழுந்து மறு தட்டுக்கு அமர்வது குதிரை, சவாரி செய்பவர் இருவரின் முதுகையும் காக்கும்.

6. நகராத குதிரை

ஓயாமல் உதைப்பதே குதிரையை மரத்துப்போக வைத்த காரணம். ஆகவே மூன்று படிகள் போதும். முதலில் கெண்டைக்காலால் மெல்ல அழுத்த வேண்டும். பதில் இல்லையென்றால் ஒருமுறை தெளிவாகத் தட்ட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், காலுக்குப் பின்னே குச்சியால் ஒரு சிறு தட்டு. ஓரடி முன்வைத்த கணமே மூன்றையும் நிறுத்திக் காலைத் தளர்த்த வேண்டும். அடுத்த முறையும் மெல்லிய அழுத்தத்திலிருந்தே தொடங்க வேண்டும்; நேரே குச்சிக்குப் போனால் பாடம் கெடும். முன்னே போகச் சொல்லும்போது கை வாரை இறுக்கிப் பிடித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

7. இழுத்துக்கொண்டு ஓடும் குதிரை

இரு கையாலும் தொடர்ந்து இழுத்தால் குதிரை அதில் சாய்ந்து இன்னும் ஓடும். நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை நீளமாக விட்டு, வாரைச் சற்றே பிடித்து உடனே விட்டு, மறுபடி பிடிப்பதே வழி. அடங்காவிட்டால் ஒரு பக்க வாரால் பெரிய வட்டத்தில் திருப்பி, வட்டத்தைப் படிப்படியாகச் சிறிதாக்க வேண்டும். வேகத்தில் சடக்கெனத் திருப்பினால் குதிரை சறுக்கி விழலாம். இதை முன்கூட்டியே நடையில் பலமுறை பழகியிருந்தால்தான் ஆபத்தில் கை தானாகச் செய்யும்.

8. வாசலுக்கும் கூட்டாளிக்கும் இழுக்கும் குதிரை

குதிரை மந்தை விலங்கு. லாயத்தில்தான் தீனியும் துணையும் இருக்கின்றன. அதனால் வாசல் வரும்போது தோளைச் சாய்த்து அந்தப் பக்கம் நழுவும். தலையை மறுபக்கம் இழுத்தால் கழுத்து மட்டும் வளையும், உடல் வாசலுக்கே போகும். வாசல் பக்கத்துக் காலையும் வாரையும் சுவர் போல வைத்துக்கொண்டு, போக வேண்டிய இடத்தைக் கண்ணால் பார்த்தபடி செலுத்த வேண்டும். ஓய்வும் இறங்குதலும் வாசலருகே இல்லாமல் திடலின் நடுவிலோ தொலைமூலையிலோ நடந்தால் வாசலின் கவர்ச்சி குறையும். தலையைக் கீழே பிடுங்கும் குதிரைக்கு, தலை தாழத் தொடங்கும்போதே காலால் முன்னே செலுத்துவதுதான் மருந்து.

9. நிறுத்த வேண்டிய இடம்

குதிரையைக் கோபத்தோடு கையாளக் கூடாது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க எழுத்தாளர் செனபோன் தம் குதிரையேற்ற நூலில் எழுதினார். கோபமோ பயமோ மேலிட்டால், குதிரை செய்யக்கூடிய எளிய வேலை ஒன்றைக் கேட்டு, அது செய்ததும் இறங்கிவிடலாம்.

முன்னங்கால் தூக்கி நிமிரும் குதிரை, மீண்டும் மீண்டும் முதுகை வளைத்துத் துள்ளும் குதிரை, அடங்காமல் ஓடிய வரலாறுள்ள குதிரை ஆகியவை புதியவருக்குரியவை அல்ல. வேறு குதிரை கேட்பது கோழைத்தனமாகாது. மறுக்கும் பள்ளியை விட்டு விலகலாம். மற்றக் குதிரைகளில், ஒரே குதிரையைச் சில கிழமைகள் தொடர்ந்து கேட்டு வாங்கி, அதன்பின் வேறொன்றுக்கு மாறுவது நல்லது. முன்பு குச்சி தேவைப்பட்ட இடத்தில் இப்போது கெண்டைக்காலின் அழுத்தம் போதுமானால் சவாரி முன்னேறுகிறது.