ஒரே தெரு, வேறு வேறு விலைவாசி

வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தனியார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். சொந்த வீடு. 2025 அக்டோபரில் விலைவாசி உயர்வு வெறும் 0.25 சதவீதம், இது வரலாறு காணாத குறைவு என்று செய்தி வாசித்தார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதமும் வழக்கமான இழுபறிதான். கணக்குப் போடுகிறவர்கள் எந்த ஊர்க் கடையில் விலை கேட்கிறார்கள்? (கோவை வாசகர்)

பதில்: ஐயா, அவர்கள் விலை கேட்பது நம் ஊர்க் கடைகளில்தான். கேட்ட விலைகளை எந்த விகிதத்தில் சேர்க்கிறார்கள் என்ற இடத்தில்தான் உங்கள் வீடு விடுபட்டுப் போகிறது.

அந்த 0.25 சதவீதம், 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்த நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் வந்தது. நாட்டில் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று கணக்கெடுத்து, மொத்தச் செலவு 100 ரூபாய் என்று வைத்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள். சாப்பாட்டு வகைகளுக்கு நாடு முழுவதற்குமான கூடையில் சுமார் 46 ரூபாய். கிராமத்தைத் தனியாகப் பார்த்தால் 54, நகரத்தை மட்டும் பார்த்தால் 36. அந்த அக்டோபரில் காய்கறி விலை முந்தைய ஆண்டு அக்டோபரைவிட 27 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. மொத்தக் கணக்கையும் அது கீழே இழுத்துவிட்டது. ஆனால் முந்தைய ஆண்டு இதே காய்கறி 42 சதவீதம் ஏறியிருந்தது. 100 ரூபாய்க்கு வாங்கிய காய் 142 ஆகி, பிறகு 103-க்கு வந்திருக்கிறது. சந்தையில் நீங்கள் நிம்மதியை உணராததில் வியப்பில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். இருவர் சாப்பிடும் வீட்டில் காய்கறி மலிந்ததால் மிச்சமாவது சில நூறு ரூபாய். மருந்துக் கடை ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதே தொடரின் நகர்ப்புறக் கூடையில் மருத்துவத்துக்கு ஒதுக்கியது 100-க்கு 5 ரூபாய்கூட இல்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் முதியவர் இருவர் உள்ள வீட்டில் அது 20-ஐத் தொடுவதுண்டு. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றின் உச்ச விலை, மொத்த விலைக் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்த வழியில் 2022 ஏப்ரலில் 10 சதவீதத்துக்கு மேலும், 2023 ஏப்ரலில் 12 சதவீதத்துக்கு மேலும் ஏற்றிக்கொள்ள நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. பிந்தைய ஆண்டுகளில் அனுமதித்த ஏற்றம் சொற்பம்தான். ஆனால் காய்கறியைப் போல மாத்திரை விலை இறங்கி வருவதில்லை.

என் மனதை அதிகம் உறுத்துவது இதைவிட உங்கள் வருமானப் பக்கம்தான். அரசு ஊழியருக்கும் அரசு ஓய்வூதியருக்கும் அகவிலைப்படி உண்டு. தொழிலாளர் குறியீட்டெண் ஏற ஏற அதுவும் ஏறும். வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் கீழ் ஓய்வூதியம் வாங்கும் தனியார் தொழிலாளிக்கு அந்த ஏற்பாடு இல்லை. குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். பத்து ஆண்டுகள் தாண்டியும் அந்த ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு ஓய்வூதியர்களில் ஒருவருக்கு விலைவாசி என்பது ஆறு மாதம் தாமதமாக ஈடுகட்டப்படும் தொல்லை. இன்னொருவருக்கு அது ஈடே இல்லாத இழப்பு. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மற்ற மருந்துகளுக்கு, மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கி, முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விலை விசாரியுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கில் வேறெதையும்விட இது அதிகம் மிச்சப்படுத்தும்.

கேள்வி: மகள் பிளஸ் ஒன், மகன் எட்டாம் வகுப்பு. மூன்று வருடத்தில் வீட்டுச் செலவு ஒன்றரை மடங்காகிவிட்டது. ‘விலைவாசி அவ்வளவு ஏறவில்லையே, நீதான் கணக்கில்லாமல் செலவழிக்கிறாய்’ என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? (ஈரோடு வாசகி)

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது அம்மா. ஆனால் பழி உங்கள் மேல் விழ வேண்டியதில்லை.

பள்ளிக் கட்டணத்துக்கு விலை உயர்வு பார்க்கும்போது, போன வருட எட்டாம் வகுப்புக் கட்டணத்தை இந்த வருட எட்டாம் வகுப்புக் கட்டணத்தோடு ஒப்பிடுவார்கள். அது 8 சதவீதம் கூடியிருந்தால் உயர்வு 8 சதவீதம். உங்கள் மகளோ எட்டிலேயே நிற்கவில்லை, பிளஸ் ஒன் போய்விட்டாள். ஆய்வகக் கட்டணம், டியூஷன், சைக்கிளுக்குப் பதில் பஸ், ஒரு செல்போன் எல்லாம் சேர்ந்துகொண்டன. மகன் முன்பு இரண்டு தோசையில் எழுந்துகொண்டவன், இப்போது ஐந்து கேட்பான். இவை எதுவும் விலை உயர்வில் சேராது. உங்கள் பர்ஸிலிருந்து மட்டும் போகும். குடும்பத்துக்கு வயது ஏறுகிறது, குறியீட்டுக் கூடைக்கு ஏறுவதில்லை. முதல் கேள்வி கேட்ட பெரியவர் வீட்டிலும் இதுதான் நடக்கிறது: ஒரு மாத்திரை மூன்றாகும்போது, ஒவ்வொன்றின் விலையும் அப்படியே இருந்தாலும் செலவு மூன்று மடங்கு.

அதனால் கணவரோடு உட்காரும்போது செலவை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். அதே பொருளுக்குக் கூடுதலாகக் கொடுத்தது ஒரு பத்தி, புதிதாக வந்து சேர்ந்தது இன்னொரு பத்தி. இரண்டாவது பத்தி நீளமாக இருக்கும். அதில் பெரும்பாலானவை அவரும் சேர்ந்து எடுத்த முடிவுகளாகவே இருக்கும்.

கேள்வி: அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். நான் கல்லூரி இறுதியாண்டு. ரேஷன் அரிசி இலவசம், பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் இல்லை, மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. ‘உங்களுக்கென்ன, எல்லாம் இலவசம்’ என்று அம்மா வேலை செய்யும் வீட்டில் சொல்கிறார்கள். பிறகு ஏன் இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசு இருப்பதில்லை? (சென்னை வாசகி)

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது.

2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்ற விலையும் பல ஆண்டுகளாக மாறவில்லை. வெளிச்சந்தையில் அரிசியும் பருப்பும் எகிறிய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் ஏழை வீடுகள் பட்டினிக்குத் தப்பியதற்கு இது பெரிய காரணம். 2021-லிருந்து வந்த பெண்களுக்கான இலவசப் பயணமும் அப்படித்தான்: மூன்று வீட்டுக்குப் போய்வரும் ஒருவருக்கு அது மாதம் பல நூறு ரூபாய். இவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஏழை வீடு சில பொருள்களுக்குப் பணக்கார வீட்டைவிட அதிக விலை கொடுக்கிறது. அதை யாரும் எண்ணுவதில்லை.

மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு உள்ள வீட்டில் 150 யூனிட் ஓடினால், மீதி 50-க்கு மட்டும் மிகக் குறைந்த கட்டணம். மொத்தமே 150 ரூபாய்க்குள் முடியும். நான்கு குடித்தனம் ஒண்டியிருக்கும் வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வசூலித்தால், அதே 150 யூனிட்டுக்கு 1,200 ரூபாய். இலவசமும் மானியமும் அரசு கொடுத்தவைதான், வாசல் வரை வந்து வீட்டுக்காரரிடம் நின்றுவிட்டன. உங்கள் வீட்டில் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. இப்படி இருந்தால், உங்கள் பகுதிக்குத் தனி இணைப்பு கேட்டு வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

அடுத்தது சில்லறைக் கொள்முதல். மாதத் தொடக்கத்தில் ஐந்து லிட்டர் டின்னாக எண்ணெய் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் விலை, அன்றன்றைக்குக் கால் லிட்டர் பாக்கெட் வாங்குகிறவருக்குக் கிடைக்காது. கையில் மொத்தப் பணம் இல்லை என்பதற்கே ஒரு விலை இருக்கிறது.

மூன்றாவது கடன். தண்டலில் 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது பழகிப்போன முறை. வட்டி 1,500 தானே என்று தோன்றும். முதலும் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டிய வட்டி அது. நம் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் கடன் வட்டிக்கு இடமே கிடையாது. இருபதாம் தேதிக்கு மேல் உங்கள் வீட்டில் நடப்பதில் பாதி அந்தக் கணக்குக்கு வெளியே நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கல்லூரி மாணவி என்பதால் உங்களுக்குப் புரியும். மாதம் 15,000 செலவழிக்கும் ஒரு வீடு, 1 லட்சம் செலவழிக்கும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் சாப்பாடு 8,000, வாடகை 4,000, மற்றவை 3,000. இரண்டாம் வீட்டில் சாப்பாடு 20,000, வாடகை 30,000, மற்றவை 50,000. சாப்பாடு 10 சதவீதம், வாடகை 5, மற்றவை 3 சதவீதம் ஏறுகின்றன. முதல் வீட்டுக்குக் கூடுதல் செலவு 1,090 ரூபாய், அதாவது 7.3 சதவீதம். இரண்டாம் வீட்டுக்கு 5,000, அதாவது 5 சதவீதம். வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று சராசரி பார்த்தால் 6.1 வரும். ரூபாயை ரூபாயோடு கூட்டினால் 1,15,000-க்கு 6,090, 5.3 சதவீதம்தான். அரசுகள் வெளியிடும் குறியீடு பொதுவாக இரண்டாவது வகை. ரூபாய்க்கு ஒரு ஓட்டு. அதிகம் செலவழிக்கும் வீட்டின் பக்கம் அது சாய்கிறது.

பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் இந்தக் குறையை ஒப்புக்கொண்டு, குடும்பச் செலவுக் குறியீடுகள் என்று தனியாக வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் சம எடை. குறைந்த வருமானம், ஓய்வு பெற்றவர்கள், குழந்தை உள்ளவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறார்கள். வீட்டுக் கடன் வட்டியும் உண்டு. நம் நாட்டிலும் கிராமம், நகரம், தொழிற்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் என்று பிரிவுகள் இருக்கின்றன. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் தலைமை தாங்கும் குடும்பம் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது? அதற்கென்று ஒரு குறியீடு வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அம்மாவின் கூலியை உயர்த்தச் சொல்லும்போது காட்டுவதற்கு இன்று ஓர் எண்கூட அவர் கையில் இல்லை.

கேள்வி: எனக்கும் அண்ணனுக்கும் ஒரே சம்பளம், 35,000. அண்ணன் திருச்சிப் பக்கம் கிராமத்தில் அண்ணி, இரண்டு பிள்ளைகளோடு சொந்த வீட்டில் இருக்கிறார். நான் சென்னையில் தனி ஆள். எனக்கும் மாதம் மிஞ்சுவதில்லை. நாலு பேர் சாப்பிடும் பணத்தை ஒருத்தன் தின்று தீர்க்கிறான் என்று ஊரில் பேச்சு. (சென்னை வாசகர்)

பதில்: தம்பி, நாலு பேருக்கு ஆகும் செலவில் கால் பங்கு தனி ஆளுக்கு ஆகும் என்ற எண்ணமே தவறு. ஒரு அறை, ஒரு மின்விசிறி, ஒரு கேஸ் சிலிண்டர் டெபாசிட் எல்லாம் ஒருவருக்கும் வேண்டும். உலக அளவில் புழங்கும் ஒரு கணக்கில் முதல் பெரியவருக்கு 1, அடுத்த பெரியவருக்கு 0.5, குழந்தை ஒவ்வொன்றுக்கும் 0.3 என்று வைப்பார்கள். அண்ணன் வீடு 2.1, நீங்கள் 1. ஆக, அவர்கள் செலவில் ஏறக்குறைய பாதி உங்களுக்கு நியாயமாகவே ஆகும். அண்ணன் வாடகை கொடுக்காததை இதில் சேர்க்கவில்லை. உங்களுடைய ஓட்டல் சாப்பாட்டில் சமைப்பவர் கூலியும் கடை வாடகையும் அடக்கம். அண்ணன் வீட்டில் அந்த உழைப்பை அண்ணி கூலியில்லாமல் தருகிறார். அதை ஊர் கணக்கில் எடுக்காது, நீங்களாவது எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 35,000-ல் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், அறையை இன்னொருவரோடு பகிர்ந்து பாருங்கள். தனி ஆள் செலவில் பெரிய மாற்றம் தருவது அதுதான்.

கேள்வி: சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டால் செலவு பாதியாகுமா? (வேலூர் வாசகர்)

பதில்: ஆகாது. 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டு நகரங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய், கிராமங்களில் 5,310. கிராமத்தில் நகரத்தைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு, அவ்வளவுதான். வாடகை குறையும், பெட்ரோலும் மருத்துவமனைக்குப் போய்வரும் செலவும் கூடும்.

கேள்வி: என் வீட்டுக்கான விலை உயர்வை நானே கணக்கிட முடியுமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: தாராளமாக முடியும். ஒரு நோட்டும் பழைய ரசீதுகளும் போதும். நீங்கள் மாதாமாதம் தவறாமல் வாங்கும் இருபது, இருபத்தைந்து பொருள்களை எழுதுங்கள். பால், அரிசி, எண்ணெய், மீன், கேஸ், மாத்திரை, பஸ் கட்டணம், வாடகை, ரீசார்ஜ் எல்லாம் வரட்டும். போன வருடம் இதே மாதம் எவ்வளவு வாங்கினீர்களோ அந்த அளவை மாற்றாமல், அன்றைய விலையில் மொத்தம் எவ்வளவு, இன்றைய விலையில் எவ்வளவு என்று பாருங்கள். வித்தியாசத்தைப் பழைய மொத்தத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது உங்கள் வீட்டு விலை உயர்வு. அளவை மாற்றக் கூடாது என்பதில் கவனம் தேவை. மாற்றினால் ஈரோட்டு அம்மா வீட்டில் வந்த குழப்பம் வரும். கல்யாணச் சீர், பண்டிகைத் துணி போன்றவற்றைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். தங்கத்தை இதில் சேர்க்கவே வேண்டாம். தினம் வாங்காத அந்தப் பொருளின் விலை, மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

கணக்கு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். வாடகை வீடா, சொந்த வீடா, வீட்டில் எத்தனை பேர், அவர்களில் அறுபதைத் தாண்டியவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எழுதினால், வகைவாரியாகப் பிரித்து இந்தப் பகுதியில் வெளியிடுகிறேன்.