பனி கடித்தால்தான் மேப்பிள் சிவக்குமா?

கேள்வி: நன்றிகூறல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு அல்கோன்குயின் பூங்கா ஏரிகளின் பக்கம் போயிருந்தோம். முந்திய வருடம் செப்டம்பர் கடைசியில் போனபோது குன்றெல்லாம் சிவப்பு. இம்முறை எங்கு பார்த்தாலும் மஞ்சள். மேப்பிள் பாதி கொட்டிவிட்டது. “இந்த வருடம் பனி சரியாகக் கடிக்கவில்லை, அதுதான் சிவக்கவில்லை” என்கிறார் மாமா. அது சரியா? அப்படியானால், கோடை முடியுமுன்பே ஏரிக்கரையில் ஒரேயொரு மேப்பிள் மட்டும் சிவந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேனே, அது எப்படி?
— ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: மாமாவுக்குச் சொல்லவேண்டிய பதிலின் பாதியை நீங்களே கேள்விக்குள் வைத்துவிட்டீர்கள். உறைபனியே விழாத நாளில் ஒரு மரம் சிவக்கிறது என்றால், சிவப்புக்குக் காரணம் உறைபனி அல்ல. இந்த நம்பிக்கை மாமாவுக்கு மட்டும் உரியதல்ல. இலைகள் நிறம் மாறுவதும் பனிக்காலம் நெருங்குவதும் ஒரே சமயத்தில் நடப்பதால் எல்லோருக்கும் அப்படித் தோன்றும். உண்மையில் கடும் உறைபனி சிவப்புக்குப் பகை. அது இலையின் உயிரணுக்களைக் கொன்றுவிடும். செத்த இலை நிறம் எதையும் உண்டாக்காது. பழுப்பாகிச் சுருண்டு விழும்.

மரம் முதலில் கணக்கில் எடுப்பது பகலின் நீளத்தை. பகல் குறுகக் குறுக, பச்சையத்தை (இலைக்குப் பச்சை நிறம் தந்து உணவு சமைக்கும் பொருள்) புதிதாகச் செய்வதை இலை நிறுத்துகிறது. இருப்பதும் சிதைந்து போகிறது. அப்போது வெளியே தெரிவதுதான் மஞ்சள். கரோட்டினாய்டு எனப்படும் அந்த நிறமி, அதாவது கரட்டுக்கு நிறம் தரும் வகை, இலை விரிந்த நாள்முதல் பச்சைக்கு அடியில் இருந்ததுதான். அதனால்தான் பேர்ச்சும் ஆஸ்பெனும் எந்த வருடமும் ஏமாற்றாமல் மஞ்சளாகின்றன.

சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற நிறமி, நாவல்பழத்தின் கருஞ்சிவப்புக்கும் கத்தரிக்காய்த் தோலின் ஊதாவுக்கும் காரணமான அதே குடும்பம், கோடையில் மேப்பிள் இலையில் அநேகமாக இருப்பதேயில்லை. உதிரப்போகும் இலை, தன் கடைசி நாட்களில் அதைப் புதிதாகச் செய்கிறது. அதற்கு வேண்டியவை சர்க்கரையும் வெயிலும். இலைக்காம்பின் அடியில் தக்கைபோன்ற ஓர் அடுக்கு வளரத் தொடங்கும். இலை கழன்று விழப்போகும் இடம் அதுதான். அது வளர வளர, இலையிலிருந்து கிளைக்குச் சர்க்கரை போகும் வழி அடைபடுகிறது. நல்ல வெயில் அடித்தால் பகலில் சர்க்கரை நிறையச் சேரும். இரவு குளிர்ந்தால், ஆனால் உறையாமல் இருந்தால், அது வெளியேறுவதும் மந்தமாகும். இந்த இரண்டும் கூடிய வருடமே சிவப்பான வருடம். மூட்டமான பகலும் வெதுவெதுப்பான இரவும் அமைந்தால் அதே மரம் மங்கிப்போகும்.

அடுத்தமுறை பிள்ளைகளிடம் ஒன்றைத் தேடச் சொல்லுங்கள்: மேல் இலையின் நிழல் விழுந்த இடம் மஞ்சளாகவே இருக்க, சுற்றியுள்ள பகுதி மட்டும் சிவந்த இலை. வெயில் பட்ட இடத்தில் மட்டும் நிறம் ஏறியதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

விழப்போகும் இலைக்கு இவ்வளவு செலவு ஏன்? இலையை விடுமுன் அதிலுள்ள நைதரசனில் பாதியளவையாவது மரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. வசந்தத்தில் அதற்கு அது வேண்டும். பச்சையம் சிதையும் அந்த நாட்களில் இலையால் முழு வெயிலைத் தாங்க முடியாது. சிவப்பு நிறமி நிழல் கொடுத்து, வேலை முடியும்வரை இலையைக் காக்கிறது என்பது ஒரு விளக்கம். ஊரில் மாங்கொழுந்து செம்மையாகத் தளிர்ப்பதற்கும் இதே நிறமிதான் காரணம். அங்கே காக்கப்படுவது இன்னும் முதிராத இலை. பரிணாம உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் வேறொரு கருத்தை முன்வைத்தார்: பளிச்சென்ற நிறம் அசுவுணி போன்ற பூச்சிகளுக்கு மரம் விடும் எச்சரிக்கை. எனக்கு நிழல் விளக்கமே வலுவாகப் படுகிறது. எச்சரிக்கை மட்டுந்தான் நோக்கம் என்றால், வெயில் படும் பக்கத்தை மட்டும் தேர்ந்து சிவக்க வேண்டியதில்லை.

உங்கள் ஏரிக்கரை மரம் அநேகமாகச் செம்மேப்பிளாக இருக்கும். ஈர நிலத்தில் வளரக்கூடியது அது. நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்றுக் குறைவு. அப்படி அல்லற்படும் மரம் தன் பருவத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ளும். அந்தப் பகுதியில் கருங்கல் பாறைமேல் மெல்லிய மண்ணில் வேரூன்றிய மரங்களும் வறண்ட கோடையில் இதையே செய்கின்றன.

இனி உங்கள் பயணம். வானிலையை மட்டும் குறை சொல்லாதீர்கள், திகதிக்கும் அதில் பங்குண்டு. அல்கோன்குயினில் சர்க்கரை மேப்பிள் வழக்கமாகச் செப்டம்பர் கடைசி வாரத்தை ஒட்டி உச்சம் தொடுகிறது. நன்றிகூறல் விடுமுறையோ அக்டோபர் இரண்டாம் திங்கள். அதற்குள் ஒரு நல்ல காற்றுமழை வந்தால் போதும், மேப்பிள் கொட்டிவிடும். நீங்கள் பார்த்த மஞ்சள் பெரும்பாலும் ஆஸ்பெனாக இருக்கும். தெற்கே மஸ்கோகா ஏரிகளின் பக்கம் உச்சம் சற்றுப் பிந்தும். விடுமுறை நாளில் மட்டுமே போகக்கூடியவர்களுக்கு அதுதான் ஏற்ற இடம். புறப்படுமுன் ஒன்ராறியோ பூங்காக்கள் வெளியிடும் இலைநிற அறிக்கையையும் பாருங்கள். அக்டோபர் நடுப்பகுதி தாண்டிவிட்டால் அல்கோன்குயினில் சதுப்புநில ஓரங்களுக்குப் போங்கள். அங்கே டாமராக் என்ற ஊசியிலை மரம் பொன்னிறமாகி நிற்கும். ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்துக்குமுன் இலை முழுவதையும் உதிர்ப்பது அது. மாமாவையும் கூட்டிப்போங்கள்.