சர்க்கார் செலவும் நம் கல்லாப்பெட்டியும்

தொழில் முடங்கும் காலத்தில் அரசு தன் செலவைக் கூட்டி மக்களிடம் பணம் புழங்கச் செய்வதை ஊக்கச் செலவு என்கிறார்கள். நம் நாட்டில் அதைச் செய்ய மத்தியில் ஒரு சர்க்கார், மாநிலத்தில் ஒரு சர்க்கார். எது எதைக் கொடுக்கிறது என்று பாராமல் சரக்குப் பிடித்தால் நமக்குத்தான் முதல் முடங்கும்.

கொரோனா காலத்தையே பாடமாக எடுத்துக்கொள்வோம். 2020 மே மாதம் மத்திய அரசு 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. தொகையைக் கேட்டதும் நம்மில் பலருக்குத் தெம்பு வந்தது. அதில் சிறுதொழில்களுக்கென்று சொன்ன 3 லட்சம் கோடி, வங்கிக் கடனுக்கு அரசு நின்ற ஜாமீன். 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் கடன் பாக்கி இருந்தவருக்கு அதில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன். மொத்தக் கடையில் வாங்கும் தவணைச் சரக்கிலேயே காலம் தள்ளும் சில்லறைக் கடைக்காரருக்கு அதில் இடமில்லை. பொதட்டூர்பேட்டைப் பக்கம் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று நம் பேரேட்டைப் புரட்டினால் தெரியும்.

2021 மே, ஜூன் மாதங்களில் தமிழக அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் ரொக்கம் கொடுத்தது. சுமார் 2 கோடியே 7 லட்சம் அட்டைகள். ஒரு தவணைக்கே 4,150 கோடிக்கு மேல். தறி நின்ற வீட்டில் அந்தப் பணம் முதலில் மளிகைக் கடைப் பழைய பாக்கிக்குத்தான் போகும். பாக்கி அடைத்த பணம் புதுச் செலவாகாது என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. நாம் அதை ஒப்புக்கொள்வதற்கில்லை. பாக்கி வசூலானால்தான் கடைக்காரர் நமக்குக் கட்டுவார். நாமும் மறு ஆர்டர் போடுவோம். ஆனால் பருப்பும் எண்ணெயும் வெளியூர்ச் சரக்கு. இரண்டு கை மாறியதும் பணம் ஊரைவிட்டுப் போய்விடும். தறிக்கூலி அப்படியல்ல, வாராவாரம் வரும். 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தைப் போல நெசவுக்கு ஆர்டராகக் கொடுக்கும் செலவே நம்மைப் போன்ற தறி ஊர்களுக்கு மேல் என்பது நம் கருத்து.

மாநில அரசு இன்னும் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நோட்டு அடிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. மத்திய அரசுக்குக் கடன்பட்டிருக்கும் மாநிலம், அரசியல் சட்டம் 293ஆம் பிரிவின்படி, அதன் சம்மதமின்றிப் புதுக்கடன் வாங்க முடியாது. 2020-21இல் அந்த வரம்பை மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்திலிருந்து 5 ஆக உயர்த்தினார்கள். அதிலும் ஒரு பகுதிக்கு நிபந்தனைகள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் பெரும்பாலான சரக்குக்கு வரியைக் கூட்டவோ குறைக்கவோ மாநிலம் தனியே முடிவெடுக்க இயலாது. அதற்காகக் கொடுத்த இழப்பீட்டுக் காலமும் 2022 ஜூனோடு முடிந்தது. ஆகவே நம் சங்க மனுக்களில் வரி விகிதம் பற்றியவை ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கும், தறி ஆர்டர் பற்றியவை சென்னைக் கோட்டைக்கும் தனித்தனியே போக வேண்டும்.