கிருமி தென்படவில்லை என்றாலும்

அன்புள்ள ஆரணி சகோதரிக்கு,

நான்கு வயது மகளுக்குப் பத்து நாள் காய்ச்சல், காலையில் எழுந்ததும் வாந்தி, பிறகு ஒரு கண் உள்பக்கம் இழுத்துக்கொண்டது. முதுகில் நீர் எடுத்துப் பார்த்ததில் ‘கிருமி தென்படவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தும் டி.பி. மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள் என்கிறீர்கள். “கிருமியே இல்லாதபோது ஒரு வருஷத்துக்கு மாத்திரை எதற்கு?” என்று மாமியார் கேட்கிறாராம். நியாயமான கேள்விதான். ஆனாலும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் டி.பி. வந்தால், முதுகில் எடுக்கும் நீரில் கிருமி மிகச் சொற்பமாகத்தான் இருக்கும். எடுத்த சில மில்லியில் ஒன்றுகூடச் சிக்காமல் போகலாம். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் சோதனைகளும் பல பிள்ளைகளிடம் கோட்டை விடுகின்றன. கல்ச்சரில் வளர்ந்து வர வாரக்கணக்காகும்; நோய் அதுவரை பொறுக்காது. ஆகவே டாக்டர்கள் தடயங்களைக் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்: நீரில் லிம்போசைட் அணுக்கள் கூடியிருக்கின்றனவா, புரதம் ஏறிச் சர்க்கரை இறங்கியிருக்கிறதா, ஸ்கேனில் மூளையின் அடிப்பக்கம் பிசின்போலக் கசிவு படிந்திருக்கிறதா, நீரோட்டம் அடைபட்டு மூளையின் அறைகள் விரிந்திருக்கின்றனவா. மகளின் கண் இழுத்துக்கொண்டதுகூட ஒரு தடயம். கசிவோ, ஏறிய அழுத்தமோ கண்ணை அசைக்கும் நரம்பைத் தாக்கியிருக்கும்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் இந்நோய் வந்த 180 பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த முடிவுகள் 1986-ல் வெளியாயின. 27 சதவீதம் பேர் இறந்தார்கள். 39 சதவீதம் பேருக்கு நரம்புக் குறை தங்கிவிட்டது. முழுதாகத் தேறியவர்கள் 34 சதவீதம். நோய் முற்றிய கட்டத்தில் வந்தவர்களிடம்தான் இறப்பு மிக அதிகம். உங்கள் மகள் பேசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் போனாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம்.

மாமியாரின் சந்தேகத்துக்கு ஆதரவாகவும் ஒரு கதை உண்டு. 1980-களில் வலிப்போடு வரும் பிள்ளைக்கு ஸ்கேனில் ஒரு சின்னப் பொட்டு தெரிந்தால், டி.பி. கட்டி என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது நம் நாட்டு வழக்கமாக இருந்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில், சாண்டி, ராஜசேகர் முதலிய நரம்பு அறுவை மருத்துவர்கள் அத்தகைய கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம்! கட்டி 2 சென்டிமீட்டருக்கும் சிறியது, மூளையில் ஏறும் அழுத்தமோ கூடிக்கொண்டே போகும் நரம்புப் பாதிப்போ இல்லை என்றால் அவசரப்பட்டு டி.பி. என்று சொல்லாதீர்கள் என்று 1993-ல் அளவுகோலே வகுத்துத் தந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் வலிப்பு நின்றதும் ஓடியாடியவர்கள். பொறுத்துப் பார்க்க நேரம் இருந்தது. உங்கள் மகளுக்கு அந்த அவகாசம் இல்லை.

முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும் என்ற பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது. தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் ஊசி இறங்குகிறது. இன்னொரு முறை நீர் எடுக்க வேண்டும் என்றால் மறுக்காதீர்கள்.

வழக்கமான வைத்தியம் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த பத்து மாதம் அதைவிடக் குறைவான மருந்துகள். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது ரிஃபாம்பிசினால், பயம் வேண்டாம். கண்ணில் மஞ்சள் தட்டினால் அன்றைக்கே காட்டுங்கள். கூடவே தரும் ஸ்டீராய்டை டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆறே மாதத்தில் முடிக்கும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஏற்றிருக்கிறது. அது வேறு மருந்துக் கூட்டு, வேறு அளவு. யாராவது அதைச் சொல்லி நடுவில் நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள்.

‘பிறந்ததுமே பி.சி.ஜி. போட்டோமே, வீட்டில் யாருக்கும் டி.பி. கிடையாதே’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பி.சி.ஜி. இந்த மூளைக்காய்ச்சலை வெகுவாகக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கிருமி பெரும்பாலும் பக்கத்தில் இருமும் பெரியவர் ஒருவரிடமிருந்துதான் வருகிறது. வீட்டுக்காரர் பட்டு நெய்யக் குழித்தறியில் உட்கார, நீங்கள் அதற்குத் தார் சுற்ற, குழந்தை பகலெல்லாம் மாமியார் மடியில்தான் என்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில், அவருக்கு மார்கழியிலிருந்து இருமல், பட்டுத் தூசிதான் காரணம் என்று போகிறபோக்கில் ஒரு வரி. தூசியாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

அவர் மேல் பழி போடுவதுபோலப் பேசாமல் கூட்டிப்போங்கள். காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியாக இருக்க வேண்டும், எச்சில் உதவாது. உங்கள் ஒன்றரை வயதுப் பையனையும் தூக்கிக்கொண்டு போங்கள். அவனுக்கு நோய் இல்லை என்று உறுதியானாலும் தடுப்பு மாத்திரை தேவைப்படலாம், கேளுங்கள்.